ஓடைக்கு மேல் சிற்ப நடைபாலமும் இளைப்பாறும் இடமும்: வடிவம், இரும்பு, மரம், கல் குறித்து ஆலோசனை தேவை

#1 ஓடைக்கரை

சேர்வராயன் மலையில் ஏற்காட்டுப் பக்கம் தனியார் மரக்காடு. சில்வர் ஓக், பலா, நாவல், கரையில் ஒரு பெரிய அத்தி. நடுவே ஓடை. அளந்த விவரம்:

படுகை அகலம் சுமார் 5 மீ. இடக்கரை சார்னோகைட் பாறை, படுகையிலிருந்து 2.1 மீ உயரம். வலக்கரை செம்மண், வேர் நிறைய, 1.7 மீ உயரம். தாங்கிக்குத் தாங்கி 8.4 மீ வரும். மரத்தடிகளில் தெரியும் வெள்ளக் குறி படுகையிலிருந்து 1.1 மீ. மேலே தண்ணீர் சேரும் பரப்பு ஏறக்குறைய 120 ஹெக்டேர். வண்டி 300 மீ தள்ளி நின்றுவிடும். மின்சாரம் இல்லை.

நடப்பவர்களில் முதியோர், குழந்தைகள் உண்டு, ஒருவர் சக்கர நாற்காலியில் வருபவர். பார்ப்பதற்குச் சிற்பம் போலவும் இருக்க வேண்டும். மனதில் இருப்பது: மேலிருந்து பார்த்தால் பாம்பு போல் நெளிந்த பாதை, நடுவில் அகன்று நால்வர் உட்காரும் மேடை, துருநிறக் கார்டென் இரும்பு, தேக்குத் தளம். எது நடக்கும், எது நடக்காது?

#2 மழைக்கணக்கு

வடிவத்துக்கு முன் தண்ணீர். 120 ஹெக்டேர், மணிக்கு 80 மி.மீ. மழை, வடிகுணகம் (பெய்த மழையில் ஓடையில் வந்து சேரும் பங்கு) 0.4 என்று வைத்தால் 0.278 × 0.4 × 80 × 1.2 = வினாடிக்கு சுமார் 10.7 கன மீட்டர். ஓட்ட வேகம் 2.2 மீ என்றால் 4.9 சதுர மீட்டர் குறுக்குவெட்டு தேவை. 5 மீ அகலத்தில் அது ஏறக்குறைய 1 மீ ஆழம். உங்கள் 1.1 மீ குறியோடு ஒத்துப்போகிறது, அதனால் அந்தக் குறியை நம்பலாம்.

ஆனால் காட்டோடையில் பாலத்தை உடைப்பது தண்ணீர் இல்லை, தண்ணீர் கொண்டுவரும் மரக்கட்டை. வேரோடு வரும் ஒரு சில்வர் ஓக் தலைப்பகுதி தண்ணீர் மட்டத்துக்கு மேல் முக்கால் மீட்டர் நீட்டிக்கொண்டு வரும். எனவே இரும்பின் அடிப்பகுதி வெள்ளக் குறிக்கு மேல் 0.9 மீ, அதாவது படுகையிலிருந்து குறைந்தது 2.0 மீ. ஓடைக்குள் தூண் வேண்டாம். ஒரே தாண்டல். நடுத்தூண் வைத்தால் குப்பை சேரும், குப்பை சேர்ந்தால் தண்ணீர் கரையை அரிக்கும், பாலம் நிற்கும் ஆனால் கரை போய்விடும்.

இதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். அடி 2.0, இரும்பு 0.25, பலகையோடு சேர்த்தால் நடக்கும் தளம் 2.3 மீ. இடக்கரையில் 0.2 மீ ஏற்றம், வலக்கரையில் 0.6 மீ. சக்கர நாற்காலிக்கு 1:12 என்பது எல்லை, 1:15 நிம்மதி. வலக்கரையில் 9 மீ சாய்பாதை வரும். வடிவமைப்பின் பாதி வேலை அந்த 9 மீட்டரில்தான் இருக்கிறது. பலரும் பாலத்தை மட்டும் வரைந்துவிட்டு ஏறும் வழியைக் கடைசியில் யோசிப்பார்கள்.

#3 பாரக்கணக்கு

நெளிவு பற்றி. நீங்கள் சொல்வதுபோல் இரும்பையே நெளித்தால் முறுக்கம் வரும். சேனல் (ப வடிவ இரும்பு), ஐ-கர்டர் போன்ற திறந்த வெட்டு முறுக்கத்தில் மிகவும் பலவீனம். மூடிய பெட்டி அல்லது பெரிய குழாய் தேவைப்படும், அதை வளைக்க மலைக்குக் கீழே பெரிய பட்டறைக்குப் போக வேண்டும்.

அதற்குப் பதில் இரும்பு நேராக இருக்கட்டும், தளம் நெளியட்டும். இரண்டு நேர் சேனல்கள், நடுவுக்கு நடு 800 மி.மீ. மேலே 1,200 மி.மீ. பலகைகள். ஒவ்வொரு பலகையையும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் வலம் தள்ளிப் பொருத்தினால் விளிம்பு நெளிந்த கோடாகத் தெரியும். அதிகபட்சத் தள்ளல் 150. அப்போது ஒரு பக்கம் பலகை 350 வெளியே நிற்கும், மறுபக்கம் 50. 40 மி.மீ. தேக்குக்கு 350-க்கு மேல் போகாதீர்கள். 140 மி.மீ. அகலப் பலகையின் நுனியில் 100 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றால் 9 மெகாபாஸ்கல் வளைதகைவு (வளைவதால் பொருளுக்குள் எழும் அழுத்தம்) வரும். நனைந்த தேக்குக்கு அதுவே போதும்.

அளவு எடுக்கச் சுலபம். 8.4-ஐ ஆறாகப் பிரித்தால் 1.4 மீ இடைவெளியில் ஏழு நிலைகள். ஒவ்வொன்றிலும் தள்ளல்: 0, +130, +130, 0, −130, −130, 0. இடையில் மெல்லிய மரச்சட்டம் ஒன்றை வளைத்துப் பிடித்துக் கோடு போட்டால் தச்சருக்கு வேறு வரைபடமே தேவையில்லை.

சேனல் தேர்வு: நடைபாலத்துக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ என்று எடுத்தால் மீட்டருக்கு 480 கிலோ. பாலத்தின் சொந்த எடை சுமார் 135. ஐ.எஸ்.எம்.சி. 200 (200 மி.மீ. உயர இந்தியத் தரச் சேனல்) போட்டால் தகைவு 145 மெகாபாஸ்கல் அளவில் நிற்கும், தாங்கும். ஆனால் முழு ஆள் சுமையில் நடுவில் 43 மி.மீ. தொய்யும், நீளத்தில் 200-ல் ஒரு பங்கு. ஐ.எஸ்.எம்.சி. 250 போட்டால் தகைவு 90-க்குள், தொய்வு 20 மி.மீ., 410-ல் ஒரு பங்கு. இயல் அதிர்வு 7 ஹெர்ட்ஸுக்கு மேல் போகும். மனித நடை 2 ஹெர்ட்ஸ் பக்கம், எனவே துள்ளாது. மீட்டருக்கு 8 கிலோ இரும்பு மிச்சம் பிடிக்கப் போய் 200-ஐ வாங்காதீர்கள்.

தேக்கு உத்தரமே போடலாமா என்று கேட்பவர்களுக்கு: இதே தொய்வுக்கு 150 × 400 அளவில், 8.8 மீ நீளத்தில் இரண்டு. 37 கன அடி. அந்த நீளத்தில் வெடிப்பில்லாத ஒற்றை மரம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

#4 கல்லுளி

இரும்பு, மரம் என்றே போகிறீர்கள். பாறை கையில் இருக்கும்போது கல்லை ஏன் விடுவது? சுவிட்சர்லாந்தில் வியாமாலா பள்ளத்தாக்கில் 1999-ல் கட்டிய சுரான்சுன்ஸ் நடைபாலம் 40 மீ தாண்டுகிறது. யுர்க் கான்செட் வடிவமைத்தது. எஃகுப் பட்டைகள் மேல் ஆண்டியர் ஊர்க் கற்பலகைகளை வரிசையாக அடுக்கி இறுக்கியது. தொங்கும் கல் பாதை. அதைவிடச் சிற்பம் எது? நமக்கு 8.4 மீட்டர்தான்.

#5 பாரக்கணக்கு

அழகான பாலம், மறுக்கவில்லை. ஆனால் சின்ன இடைவெளி என்பதால் சுலபம் என்று நினைப்பதில்தான் பிசகு. 60 மி.மீ. கற்பலகை, 1.2 மீ அகலம், மீட்டருக்கு 195 கிலோ. ஆள் சுமையோடு மீட்டருக்கு 6.7 கிலோநியூட்டன். தொங்கல் 200 மி.மீ. வைத்தால் கிடை இழுப்பு = 6.7 × 8.4² ÷ (8 × 0.2) = 295 கிலோநியூட்டன். ஏறக்குறைய 30 டன். இடக்கரைப் பாறை அதைப் பிடித்துக்கொள்ளும். வலக்கரைச் செம்மண்ணில் 30 டன்னைக் கிடையாகப் பிடிக்க ஒரு வீட்டளவு கான்கிரீட் வேண்டும், அத்திமரம் போய்விடும். தொங்கலைக் கூட்டினால் இழுப்பு குறையும், ஆனால் சக்கர நாற்காலி இறங்கி ஏற முடியாது.

அதே பள்ளத்தாக்கில் கான்செட் 1996-ல் கட்டிய டிராவர்சினா மரப்பாலத்தைப் பாறைச்சரிவு 1999-ல் அடித்துக்கொண்டு போனது. 2005-ல் வந்த இரண்டாவது, வேறொரு இடத்தில் படிக்கட்டுப் பாலமாகத் தொங்குகிறது. கணக்கு சரியாக இருந்தும் இடம் காலை வாரலாம். இங்கே பாறைச்சரிவு இல்லை, ஆனால் மேலே விழக் காத்திருக்கும் மரம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

#6 வேரடி

மரத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால்: சில்வர் ஓக்கின் கிளை சொல்லாமல் முறியும். இருக்கைக்கு மேல், பாலத்துக்கு மேல் காய்ந்த கிளை ஒன்றுகூட இருக்கக் கூடாது. பெஞ்சின் இடத்தைத் தாளில் முடிவு செய்யாதீர்கள். மதியம் அங்கே நின்று தலையை உயர்த்திப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வேர்க்காப்பு வட்டத்தின் ஆரம், மார்பு உயரத்தில் தண்டின் விட்டத்தைப் போல் 12 மடங்கு. அத்தி 60 செ.மீ. என்றால் 7.2 மீ. உங்கள் வலக்கரை முட்டு (பாலத்தின் முனை உட்காரும் கட்டு) எப்படி வைத்தாலும் அதற்குள்தான் விழும். அதனால் நீளமான அஸ்திவாரம் தோண்ட வேண்டாம். 600 × 600 குழி இரண்டு, கையால் தோண்டியது, மேலே ஒரு குறுக்கு உத்தரம். விரல் தடிமனுக்கு மேலான வேர் குறுக்கே வந்தால் குழியை நகர்த்துங்கள், வேரை வெட்டாதீர்கள். ஜே.சி.பி. உள்ளே வரவே கூடாது. ஒரே நாளில் மண்ணை இறுக்கிவிடும், மரம் சாக ஐந்து வருடம் எடுக்கும், அதற்குள் யாருக்கும் காரணம் நினைவிருக்காது.

அந்த 9 மீட்டர் சாய்பாதைக்கும் மண் கொட்டாதீர்கள். அத்தி வேர் மூச்சுத் திணறும், வெள்ளமும் திசை மாறும். கற்பாதங்கள் மேல் உயர்ந்த பலகைப் பாதையாகப் போகட்டும்.

உயிருள்ள வேர்ப்பாலம் வளர்க்கலாமே என்று யாராவது கேட்கும் முன்: மேகாலயாவில் காசி மக்கள் ரப்பர் அத்தியின் விழுதுகளைக் குடைந்த பாக்குத் தண்டுக்குள் செலுத்தி மறுகரைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆள் நடக்கும் வலு வருவதற்குள் ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாகிவிடும். நோங்ரியாட்டின் இரட்டை அடுக்கு எல்லாருக்கும் தெரியும். வேண்டுமானால் பக்கத்தில் ஒரு கன்று நட்டு வையுங்கள், ஆனால் இந்தப் பாலத்தை அதை நம்பி விடாதீர்கள்.

#7 ஓடைக்கரை

நன்றி. நேர் சேனல், நெளிந்த தளம் என்பதை ஏற்கிறேன். இருக்கையை நடுவிலேயே வைக்க ஆசை. தண்ணீருக்கு மேல் உட்காருவதுதானே சுகம்? அப்புறம் கார்டென் பற்றி யாரும் சொல்லவில்லை.

#8 பாரக்கணக்கு

நடுவில் வேண்டாம். மூன்று காரணம். மேடை ஒரு பக்கம் அகன்றால் நால்வர் உட்கார்ந்ததும் சுமை ஓரமாகிறது, ஒரு சேனல் மட்டும் கூடுதலாகத் தொய்யும், நாம் தவிர்த்த முறுக்கம் திரும்ப வரும். இரண்டாவது, நடப்பவருக்குத் தெரியாத சிறு அதிர்வு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். ஒவ்வொருவர் கடக்கும்போதும் பெஞ்ச் லேசாக நடுங்கினால் யாரும் அங்கே இளைப்பாற மாட்டார்கள். மூன்றாவது, உட்கார்ந்தவரின் காலைத் தாண்டிச் சக்கர நாற்காலி போக அகலம் வேண்டும், அதற்கு மொத்தப் பாலமும் அகல வேண்டும்.

#9 கல்லுளி

இதில் எனக்கு உடன்பாடு, ஆனால் காரணம் வேறு. பாலத்தின் மேல் உட்கார்ந்தால் பாலம் தெரியாது. இடக்கரைப் பாறைமேல் உட்கார்ந்தால் நெளிவு முழுவதும் கண்முன் இருக்கும். சிற்பத்தைச் செய்துவிட்டு அதன் முதுகில் ஏறி உட்காருவானேன்?

யோசனை இது. கைப்பிடி பாலத்தை விட்டதும் முடியாமல், அதே கோடாகப் பாறைமேல் வளைந்து, 1.1 மீ உயரத்திலிருந்து மெல்ல இறங்கி 850 மி.மீ. ஆகி இருக்கையின் முதுகுச்சட்டமாக மாறட்டும். 1.8 மீ ஆரத்தில் அரைவட்டக் கல்தளம். ஒரே கோடு கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைக்கும். ஆனால் இறக்கம் எங்கே தொடங்கலாம் என்பதில் கறார் வேண்டும்: கீழே விழும் ஆழம் 600 மி.மீ.க்குக் குறைந்த பிறகுதான்.

இருக்கை அளவு: உயரம் 440, ஆழம் 420, முதுகுச் சாய்வு 100 முதல் 105 டிகிரி. நால்வருக்கு 2.4 மீ நீளம். ஒரு முனையிலாவது கைதாங்கி, இருக்கைக்கு மேல் 200 மி.மீ.; முதியவர் எழுந்திருப்பது அதைப் பிடித்துத்தான். உட்காரும் பரப்பு கல்லாக வேண்டாம். ஏற்காட்டுப் பனியில் காலை பத்து மணி வரை ஈரமும் குளிரும் விடாது. கல் கால்கள், மேலே தேக்குச் சட்டங்கள் 70 × 45, இடைவெளி 8. பெஞ்சுக்குப் பக்கத்தில் 900 மி.மீ. வெற்றிடம் விடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவரும் மற்றவரோடு வரிசையில் இருக்கட்டும், எதிரே தனியாக இல்லை.

வலக்கரைக்கு இன்னொன்று. நம் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் உண்டல்லவா? இரண்டு நட்ட கல், மேலே ஒரு கிடைக்கல். தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக நிறுத்தும் வழக்கமும் இருந்தது. சாய்பாதை தொடங்கும் இடத்தில் சார்னோகைட்டில் ஒன்று நிறுத்துங்கள். முதுகுப்பை வைக்க, சாய்ந்து நிற்க. கிடைக்கல் 1.6 மீ × 300 × 200 என்றால் 260 கிலோ. நட்ட கல் தரைக்கு மேல் 1.2 மீ, கீழே 0.6 மீ. சிமெண்ட் பூச்சில் ஒட்ட வேண்டாம், முளையும் குழியும் போதும்.

#10 வேரடி

சுமைதாங்கி அருமை. பாதையை மறிக்காமல் ஓரத்தில் வையுங்கள், அவ்வளவுதான்.

#11 பாரக்கணக்கு

கார்டென் கேட்டிருந்தீர்கள். கல்லுளி கோபிக்கக்கூடும், ஆனால் இந்த இடத்துக்கு அது தவறான இரும்பு. அந்தத் துருப்படலம் இறுகுவதற்கு நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். மரநிழலில், ஓடைக்கு மேல், இலைச்சருகு ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஈரமாகவே இருந்தால் படலம் இறுகாது, உதிர்ந்துகொண்டே இருக்கும். சாதா இரும்பு துருப்பிடிப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இராது.

#12 கல்லுளி

கோபம் இல்லை, பாதி உடன்பாடு. தாங்கும் பாகத்தில் வேண்டாம், சரி. வெறும் தோற்றத்துக்கான தகடு, இரண்டு பக்கமும் காற்று படும்படி செங்குத்தாக நின்றால் போடலாம். சருகு தேங்கும் கிடைப்பரப்பு, இரண்டு தகடு ஒட்டிய இடுக்கு, இவை இரண்டும்தான் கொல்லும். துரு ஒழுகிக் கல்லில் இறங்கிய கறையை உளி வைத்துக்கூட முழுதாக எடுக்க முடியாது. அதனால் கீழே கல்தளம் இருக்கும் இடத்தில் தோற்றத்துக்கும் கார்டென் கிடையாது.

#13 பாரக்கணக்கு

ஆகட்டும். தாங்கும் பாகம் முழுக்க சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த கேல்வனைஸ். சதுர மீட்டருக்கு 610 கிராம், தடிமனில் சுமார் 85 மைக்ரான். வெல்டிங், துளை எல்லாம் முடிந்த பிறகுதான் முக்க வேண்டும். மேலே வந்து ஒரு துளை போட்டால்கூட அங்கிருந்துதான் துரு தொடங்கும். மூடிய குழாய் எதையாவது சேர்த்தால் காற்றுத்துளை கட்டாயம், இல்லாவிட்டால் தொட்டியில் வெடிக்கும். கேல்வனைஸ் பளபளப்பு முதல் மழைக்காலத்தோடு மங்கிவிடும், சாம்பல் நிறம் மரப்பட்டையோடு ஒன்றிப்போகும்.

300 மீ தூக்கிப் போக வேண்டும் என்பதால் 8.8 மீ சேனலை மூன்றாக வெட்டுங்கள்: 2.2 + 4.4 + 2.2. நடுத்துண்டு 134 கிலோ, ஆறு பேர் கம்பு கட்டித் தூக்கலாம். ஓரத்துண்டு 67 கிலோ. சமமாக மூன்றாக வெட்டினால் இணைப்பு அதிக வளைவுள்ள இடத்தில் விழும். இப்படி வெட்டினால் இணைப்பில் வளைதிருப்பம் (வளைக்கும் விசையின் அளவு) உச்சத்தில் 73 விழுக்காடுதான். நடுத்தகட்டுக்கும் இரு விளிம்புக்கும் தனித்தனி இணைப்புத் தகடு, 8.8 தர எம்.20 போல்ட்.

இணைப்பிலேயே ஒரு வசதி இருக்கிறது. நடுத்துண்டு கிடையாக, ஓரத்துண்டுகள் 3.3 டிகிரி சாய்வாக இருக்கும்படி இணைப்புத் தகட்டை வெட்டிவிடுங்கள். நடுத்துண்டு ஓரத்தைவிட 116 மி.மீ. மேலே போகும். அதன்மேல் வடிவாக இழைத்த மரத்தாங்கி வைத்தால் 160 மி.மீ. எழுச்சியுள்ள மென்மையான வில். தாங்கியின் தடிமன் நடுத்துண்டில் உச்சமாக 44, ஓரத்துண்டில் வெறும் 9. தளத்தின் உயரம் ஏழு நிலைகளில்: 0, 89, 142, 160, 142, 89, 0. முனையில் சரிவு 1:13, சக்கர நாற்காலிக்குள் அடங்கும். தண்ணீரும் தேங்காது. நெளிவும் வில்லும் சேரும்போது நேர் இரும்பு கண்ணுக்கே தெரியாது.

#14 ஓடைக்கரை

கைப்பிடித் தூண்களை வெளிப்பக்கம் சாய்க்கலாமா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில், நாணல் போல.

#15 பாரக்கணக்கு

சாய்க்கலாம், 12 டிகிரிக்குள். தூணைப் பலகையில் பொருத்தவே கூடாது. சேனலின் நடுத்தகட்டில், மேல்விளிம்பை ஒட்டி, ஏழு நிலைகளிலும் இருபக்கமும் வெளியே நீளும் இரும்புக் கைகள். நெளிவுக்கு ஏற்ப நீளம் மாறும். அதே நிலைகளில் உள்ளே இரு சேனலையும் இணைக்கும் குறுக்குத்துண்டு. இல்லாவிட்டால் கை இழுக்கும்போது சேனல் புரளும்.

கைப்பிடிக்கு மீட்டருக்கு 150 கிலோ பக்கவாட்டிலும் 150 கிலோ கீழ்நோக்கியும் ஒரே நேரத்தில். 1.4 மீ இடைவெளியில் தூணின் அடியில் 2.4 கிலோநியூட்டன் மீட்டர், 12 டிகிரி சாய்வு இன்னும் 0.5 சேர்க்கும். 75 × 20 திட பிளாட் என்றால் தகைவு 155. கடையில் கிடைக்கும் மெல்லிய 50 × 50 சதுரக்குழாய் இதில் வளைந்துவிடும். இடையில் நிற்கும் கம்பிகளுக்குள் 100 மி.மீ.க்கு மேல் சந்து கூடாது. கிடைக்கம்பி போட்டால் பிள்ளைகள் ஏணி ஆக்கிவிடும்.

#16 தச்சுப்பட்டறை

இதுவரை மரத்தைப் பற்றி ஒருவரும் ஒழுங்காகப் பேசவில்லை, கணக்கு மட்டும் ஓடுகிறது.

தேக்கில் வைரம் (முற்றிய நடுக்கட்டை) மட்டும். வெளிறு (வெளிப்பக்க இளங்கட்டை) ஒரு விரல் அகலம் இருந்தாலும் அந்தப் பலகை தளத்துக்கு வேண்டாம், அங்கிருந்துதான் பூஞ்சை ஏறும். தேக்கு கட்டுப்படியாகாவிட்டால் வேங்கை அல்லது கருமருது. வேங்கைக்கு ஒரு குணம், நனைந்தால் சிவந்த சாயம் இறங்கும், முதல் இரண்டு மழைக்குக் கீழே கல்தளத்தை மூடி வையுங்கள். போராக்ஸ் கரைசலில் முக்கி எடுத்த ரப்பர் மரம், மலிவு மரம் எல்லாம் கூரைக்கடியில்தான். திறந்த மழையில் போராக்ஸ் கரைந்து போய்விடும்.

140 × 40 பலகை, இடைவெளி 8. 8.8 மீட்டருக்கு 60 பலகை, ஒவ்வொன்றும் 1.2 மீ. 14 கன அடி. கைப்பிடி 3, இருக்கை 2 அல்லது 3. கழிவோடு 24 கன அடி வாங்குங்கள். சாய்பாதை தனி.

பலகையில் ஆண்டு வளையத்தைப் பாருங்கள். மரம் காயும்போது வளையம் நிமிரப் பார்க்கும், வைரப்பக்கம் குமிழும். அந்தப் பக்கம் மேலே இருந்தால் தண்ணீர் இருபுறமும் வழியும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு பலகையும் ஒரு சின்னத் தட்டு.

அழுகல் தொடங்கும் இடம் மேற்பரப்பு இல்லை. பலகையும் அதன் தாங்கியும் தொடும் இடம். சேனலின் மேல்விளிம்பில் மரத்தாங்கி, தாங்கியின் மேல் ரப்பர் பட்டை, இருபுறமும் 10 மி.மீ. வெளியே நீளும்படி. திருகை மேலிருந்து போடாமல் கீழிருந்து எல் கோணத் துண்டு வழியாகப் போடுங்கள், மேற்பரப்பில் துளையே இராது. துருப்பிடிக்காத எஃகுத் திருகு, முன்துளை போட்டு. சாதா ஆணி அடித்தால் தேக்கின் சாறோடு சேர்ந்து கறுப்புக்கறை ஓடும்.

வழுக்கல்: நிழலில் பாசி நிச்சயம். பலகையில் நீளக் காடி போடுவது விற்பனைக்காரர்கள் சொல்வது. காடியில் சருகுத்தூள் அடைந்து பாசிக்கு மெத்தை போட்டுக்கொடுக்கும். ஒவ்வொரு பலகையிலும் 40 மி.மீ. அகலத்தில் இரண்டு பட்டை, எபாக்சியில் 1 முதல் 3 மி.மீ. குவார்ட்ஸ் மணல். கோழிவலை ஆணி அடித்து வைப்பது வேண்டவே வேண்டாம். துருத்தும், குத்தும். வார்னிஷும் வேண்டாம். ஒரு இடத்தில் உரிந்தால் அடியில் ஈரம் மாட்டிக்கொள்ளும். சும்மா விட்டால் தேக்கு வெளுத்து நரைக்கும், அது நோய் இல்லை.

#17 மழைக்கணக்கு

முட்டில் ஒரு வேலை விட்டுப்போகிறது. சேனல் உட்காரும் திட்டில் சருகு சேரும், அதுதான் முதலில் துருப்பிடிக்கும் இடம். திட்டை ஓடைப்பக்கம் சரித்து, சேனலின் முனைக்கும் பின்சுவருக்கும் 50 மி.மீ. இடைவெளி விட்டால் விளக்குமாறு போகும்.

இடக்கரையில் பாறையில் துளையிட்டு 20 மி.மீ. கம்பி, 450 ஆழம். துளைத் தூளை ஊதி வெளியேற்றாமல் எபாக்சி ஊற்றினால் கம்பி தூளில்தான் ஒட்டும், பாறையில் இல்லை. வலக்கரையில் நீள்துளை. வெப்பத்துக்கு 3 மி.மீ. போதும், ஆனால் செம்மண் முட்டு கொஞ்சம் நகரும், 20 விடுங்கள். 12 மி.மீ. கம்பிவடத்தால் பாலத்தைப் பாறைப்பக்கத்தோடு தளர்வாகப் பிணைத்துவிடுங்கள். கணிக்காத வெள்ளம் வந்து வலமுட்டு போனாலும் பாலம் ஓரமாகத் திரும்பிக் கிடக்கும், கீழே இருப்பவர் வீட்டுக்குப் போகாது.

கான்கிரீட் கலந்த பாத்திரத்தை ஓடையில் கழுவாதீர்கள். சிமெண்ட் நீரின் காரம் மீனைக் கொல்லும். ஒரு குழி தோண்டி அதில்.

#18 வேரடி

இன்னொரு கால் கணக்கு. காட்டெருமை உலவும் பகுதி. ஆண் 900 கிலோவுக்கு வரும். ஒரு காலில் 400 கிலோ, 800 மி.மீ. தாண்டும் ஒற்றைப் பலகையின் நடுவில்: 20 மெகாபாஸ்கலுக்கு மேல். பலகை முறியலாம், மாட்டின் காலும் முறியலாம்.

#19 பாரக்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன், அதை விட்டுவிட்டேன். சக்கர நாற்காலிக்கு 900 மி.மீ. வழி விட்டே ஆக வேண்டும், எருமையும் அதில் நுழையும். அடைக்க முடியாது. பலகையை 50 ஆக்கினால் 14-க்கு இறங்கும். அல்லது சேனல்களுக்கு நடுவே, குறுக்குத்துண்டுகளின் மேல், நீளவாக்கில் ஒரு ஐ.எஸ்.எம்.சி. 100. பலகையின் தாண்டல் பாதியாகிவிடும். இரண்டாவதே மலிவு. மீட்டருக்குக் கூடுதல் 10 கிலோவுக்குள்.

#20 தச்சுப்பட்டறை

இரண்டாவது. 50 மி.மீ. காய்ந்த தேக்கு தேடி அலைய வேண்டாம். நடுச்சேனலுக்கும் ரப்பர் பட்டை மறக்காதீர்கள், மூன்றாவதாக ஒரு அழுகும் இடத்தை உண்டாக்காமல்.

#21 ஓடைக்கரை

எடுத்துக்கொள்கிறேன். அனுமதி பற்றி ஒரு வார்த்தை? படுகை பட்டாவில் இல்லை.

#22 மழைக்கணக்கு

படுகை ஓடைப் புறம்போக்காக இருந்தால் மேலே தாண்டினாலும் வருவாய்த் துறையில் எழுதிக் கேட்டாக வேண்டும். மரம் வெட்டுவதாக இருந்தால் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் வரும், பட்டா நிலமானாலும். தேக்கு வாங்கும்போது மரக்கடையின் ரசீதையும் கடத்துச்சீட்டையும் வண்டியிலேயே வைத்திருங்கள், மலையேறும் சோதனைச் சாவடியில் கேட்பார்கள்.

அடித்தளத்தை ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்குள் முடியுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை இடிமழை பெருகும் முன்.

#23 தச்சுப்பட்டறை

பலகையை மட்டும் அந்த அவசரத்தில் பொருத்த வேண்டாம். அறுத்ததைத் தோட்டத்திலேயே கொட்டகையில் சட்டம் வைத்து அடுக்கி, ஒரு மாதமாவது அந்த மலைக்காற்றுக்குப் பழகவிட்டு அப்புறம். சேலத்து வெயிலில் காய்ந்ததை நேரே கொண்டுபோய் 8 மி.மீ. இடைவெளியில் இறுக்கினால் முதல் மழையில் 5 ஆகிவிடும், நாவல் கொட்டை அதில்தான் சிக்கும்.

#24 கல்லுளி

நாவல் இருக்கிறதா மேலே? அப்படியானால் பெஞ்சை இரண்டு மீட்டர் தள்ளுங்கள். ஜூன், ஜூலையில் வெள்ளைச் சட்டையோடு யாரும் உட்கார முடியாது.

#25 ஓடைக்கரை

பாறையின் மேற்கு முனைக்கு மேல் பலா மட்டும்தான்.

#26 வேரடி

பலாவுக்கு அடியிலா?

#27 ஓடைக்கரை

சரி, கிழக்கு முனை. நாளைக்குக் கயிறு கட்டி அளந்து வரைபடம் போடுகிறேன்.